கோதுமை வாளி

செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் தாதி
ஒரு தாளை நீட்டினாள்.
மணமானவரா என்ற கட்டத்தில்
இல்லை என்று குறித்தேன்.
சட்டப்படி அது உண்மை.
பிள்ளைகள் என்ற கட்டத்தில் ஆறு.
அவள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு
என் நீளக் கைச்சட்டையைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பின் ஒன்பது கேள்விகள்.
கடந்த இரண்டு வாரங்களில்
எத்தனை நாள் எதிலும் நாட்டமற்று இருந்தீர்கள்?

வாரம் எங்களுக்கு வேறு மாதிரி ஓடும், அம்மா.
குளிர்பெட்டிக் கதவில் ஒரு நாட்காட்டி.
வெல்டாவுக்கு நீலப் புள்ளி,
எனக்குப் பச்சை,
ஜனீலுக்கு மஞ்சள்.
அவளுக்குப் பத்தொன்பது வயது.
மார்ச் மாதத்தில் ஒரு பச்சை
மஞ்சளாக மாறியிருந்தது.
யார் பேனா எடுத்தது என்று
காலை உணவில் யாரும் பேசவில்லை.
பதினாறு கிண்ணங்களில் ஓட்ஸ் ஊற்றினேன்.
ஒன்று கூட சிந்தவில்லை.

சக்களத்தி என்று இங்கே சொல்ல மாட்டோம்.
சகோதரி என்போம்.
அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு
எப்படிச் சண்டை போடுவது?

என் அறைக்கும் ஜனீல் அறைக்கும் நடுவில்
ஒற்றைப் பலகைச் சுவர்.
மஞ்சள் இரவுகளில் கீழே இறங்கித்
துணி துவைக்கிறேன்.
துவைத்த துணியையே துவைக்கிறேன்.
செம்மலைக் காற்று எப்படியும்
வெள்ளை விரிப்புகளில் புழுதி அப்பிவிடும்,
ஆகவே யாருக்கும் சந்தேகமில்லை.

பொறாமை என்றார் சபை மூப்பர்.
ஹீபர் பக்கத்தில் தலையாட்டினார்,
பாவம், அவருக்கும் தூக்கமில்லை,
மூன்று கடன், இரண்டு லாரி.
முழங்காலிடு மகளே, முகம் மலர்ந்திரு.
மலர்ந்திருந்தேன்.
கன்னத் தசை வலிக்கும் வரை.
பொறாமைக்கு மாத்திரை கிடையாது,
அதனால்தான் நாற்பது மைல் ஓட்டி
இங்கே வந்திருக்கிறேன்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
'அநேகமாக எல்லா நாளும்' என்பதை
ஒன்பது முறை வட்டமிட்டேன்.

மருந்துக் குப்பியை எங்கே ஒளிப்பது?
தலையணைக்கடியில் குழந்தைகள்,
அலமாரியில் குழந்தைகள்,
என் பைக்குள் எப்போதும் ஒரு சிறு கை.
நிலவறைக்குப் போனேன்.
பஞ்ச காலத்துக்கென்று சேர்த்த
கோதுமை வாளிகள், எண் போட்டு.
பதினொன்றைத் திறந்து
முழங்கை வரை விட்டேன்.
குளிர்ச்சியான மணிகள். நன்றாக இருந்தது,
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

விரலில் ஏதோ தட்டியது.

ஒரு குப்பி. என்னுடையதைப் போன்றதே.
மாவுப்படலத்தைத் துடைத்தேன்.
வெல்டாவின் பெயர்.
தேதி, நான் மணப்பெண்ணாக
இந்த வீட்டுக்குள் வந்த மாதம்.
என் முக்காட்டுக்கு அவள்தான் ஊசி குத்தினாள்.
ஒரு தடவையும் தோலில் படவில்லை.
என் கையை எடுத்து
அவர் கையில் வைத்ததும் அவள்தான்.
உள்ளங்கை வேர்த்திருந்தது.
எனக்குத்தான் என்று இத்தனை வருடம்
நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதி மாத்திரைகள் மீதி.
ஏன் நிறுத்தினாள்?
இல்லை, வேறு வாளிக்கு மாறிவிட்டாளா?

என்னுடையதை அருகில் புதைத்து
மூடியை அழுத்தினேன்.
மேலே அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.
என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த
ஒற்றைக் கோதுமை மணியைப் பார்த்தாள்.
"எந்த வாளி?"
"பதினொன்று."
நெடுநேரம் பிசைந்தாள்.
"அதில் வண்டு விழுந்திருக்கு, ஆர்ஃபா.
பதினாலில் வை."

வை என்றாள். எடு என்று சொல்லவில்லை.

வியாழன், பச்சைப் புள்ளி.
ஹீபர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.
நள்ளிரவு தாண்டி
கீழே துவைக்கும் இயந்திரம்
சுழலத் தொடங்குவது கேட்டது.
வெல்டா இரவில் எழமாட்டாள், கால் வலி.

படிக்கட்டில் வெறுங்காலோடு இறங்கியது
மிகவும் லேசான நடை.
எழுந்து போகவில்லை.
விளக்கை மட்டும் போட்டு வைத்தேன்,
கதவிடுக்கில் தெரியட்டும் என்று.